இன்டர்ன்ஷிப் இன்டர்வியூவுக்கு ஜூம், மீட், டீம்ஸ்: மாணவர் பக்கமிருந்து ஒரு மதிப்பீடு

ஆன்லைன் இன்டர்வியூ எந்தச் செயலியில் நடக்கும் என்பதை மாணவர் தீர்மானிப்பதில்லை. மெயிலில் ஜூம் லிங்க் வந்தால் ஜூம், கூகுள் மீட் லிங்க் வந்தால் மீட், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் லிங்க் வந்தால் டீம்ஸ். சில நேரம் அதுவே முந்தின நாள் மாலைதான் தெரியவரும். ஆகவே "மூன்றில் எது சிறந்தது?" என்று கேட்டுப் பயனில்லை. சாதாரண லேப்டாப்பும் ப்ரீபெய்ட் சிம்மும் வைத்திருக்கும் ஒரு கல்லூரி மாணவர் இந்த மூன்றிலும் எங்கெங்கே மாட்டிக்கொள்வார், எதையெல்லாம் முன்கூட்டியே சரிசெய்துவிடலாம் என்ற கோணத்தில் இங்கே மதிப்பிட்டிருக்கிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பயிற்சி எடுக்க ஜூம்தான் நல்லது. இலவசக் கணக்கிலேயே நம்மைப் பதிவு செய்து பார்க்க விடுகிறது. உள்ளே நுழைய மீட் சுலபம், ஆனால் எந்தக் கணக்கில் நுழைகிறோம் என்பதில் ஏமாற்றிவிடும். டீம்ஸுக்குத்தான் முன்தயாரிப்பு அதிகம் வேண்டும். இன்டர்வியூ எதில் வந்தாலும், ஒரு வாரம் முன்பே ஜூமில் பயிற்சியைத் தொடங்கி, கடைசி ஒத்திகையை மட்டும் லிங்க் வந்த செயலியில் செய்வது நாங்கள் பரிந்துரைக்கும் வழி.

ஜூமில் பயிற்சி எடுப்பது எப்படி? லேப்டாப்பில் ஜூம் செயலியை நிறுவி, இலவசக் கணக்கில் நுழைந்து, யாரையும் அழைக்காமல் தனியாக ஒரு மீட்டிங் தொடங்குங்கள். கீழே உள்ள ரெக்கார்ட் பொத்தானை அழுத்திவிட்டுப் பேசுங்கள். மீட்டிங்கை முடித்ததும் வீடியோவை மாற்றும் வேலை ஓடும்; முடிந்த பிறகு டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் ஜூம் என்ற ஃபோல்டரில் ஒரு எம்பி4 வீடியோவும், குரல் மட்டும் தனியாக ஒரு ஆடியோ கோப்பும் இருக்கும். மாற்றும் வேலை ஓடும்போதே லேப்டாப்பை மூடிவிட்டால் வீடியோவுக்குப் பதில் திறக்க முடியாத ஒரு கோப்பு மிஞ்சும். பயப்பட வேண்டாம், அதை இருமுறை சொடுக்கினால் மாற்றும் வேலை மறுபடி தொடங்கும். இலவசக் கணக்கில் இந்தப் பதிவு வசதி கம்ப்யூட்டரில் மட்டும்தான், மொபைலில் கிடையாது.

அந்தத் தனி ஆடியோ கோப்பு பெரிய வரம். முதலில் படத்தைப் பார்க்காமல் குரலை மட்டும் கேளுங்கள். எங்கே "ஆக்சுவலி" வருகிறது, எங்கே வாக்கியத்தின் கடைசிச் சொல் விழுங்கப்படுகிறது, எங்கே மூச்சு வாங்காமல் ஓடுகிறோம் என்பதெல்லாம் முகத்தைப் பார்க்கும்போது காதில் விழாது. அடுத்து சத்தத்தை நிறுத்திவிட்டு வீடியோவை மட்டும் ஓட்டுங்கள். கண் எங்கே போகிறது, கை மூக்குக்கும் தலைமுடிக்கும் போகிறதா, நாற்காலி ஆடுகிறதா என்று தெரியும். பார்வை இடமிருந்து வலமாக ஓடி ஓடித் திரும்பினால் எழுதி வைத்ததைப் படிக்கிறீர்கள் என்று எதிரில் இருப்பவருக்கு உடனே புரிந்துவிடும். இன்னொரு திரையில் ஏஐ கருவியைத் திறந்து வைத்துப் பதில் வாசிப்பவர்களும் இப்படித்தான் பிடிபடுகிறார்கள். அடுத்த கேள்வியாக "ஏன் இந்த முறையைத் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்று வந்தால் அதோடு நின்றுபோகும்.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பதற்கு 60 முதல் 90 விநாடி போதும். நிதானமான ஆங்கிலப் பேச்சு நிமிடத்துக்குச் சுமார் 130 சொல் என்று வைத்துக்கொண்டால் 130 முதல் 200 சொல் வரை. ஊர், அப்பா தொழில், பொழுதுபோக்கு என்று தொடங்கினால் அந்த நேரம் அதிலேயே தீர்ந்துவிடும். படிப்பு ஒரு வரி, விண்ணப்பித்த வேலையோடு ஒட்டிய ஒரு ப்ராஜெக்ட் நான்கைந்து வரி, இந்த இன்டர்ன்ஷிப்பில் என்ன கற்க விரும்புகிறீர்கள் என்று இரண்டு வரி. ப்ராஜெக்டைச் சொல்லும்போது "நாங்கள் செய்தோம்" என்று குழு முழுவதையும் சொல்லிவிட்டு நிறுத்தாதீர்கள். குழுவில் நான்கு பேர் இருந்தால் உங்கள் கைக்கு வந்த பகுதி எது, அதில் எது வேலை செய்யாமல் போனது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்பதைத்தான் கேட்பார்கள். பயிற்சிப் பதிவில் இந்த மூன்றும் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். பத்துப் பதினைந்து கேள்விக்கு மனப்பாடம் செய்வதைவிட இது பலன் தரும்.

ஜூமின் ஒலி அமைப்பும் மூன்றில் நம் வீடுகளுக்கு அதிகம் பொருந்துகிறது. செட்டிங்ஸில் ஆடியோ பகுதிக்குள் பின்னணிச் சத்தத்தைக் குறைக்கும் அமைப்பு இருக்கிறது. ஆட்டோ, லோ, மீடியம், ஹை என்று நிலைகள் உண்டு. சீலிங் ஃபேன் போல ஒரே சீராக வரும் சத்தத்தை நன்றாக அமுக்கிவிடும். மிக்ஸி சத்தத்தைப் பெருமளவு குறைக்கும். பக்கத்து அறை டிவியில் வரும் வசனத்தை ஒன்றும் செய்யாது, ஏனென்றால் அதுவும் மனிதக் குரல்தான். ஹை வைத்தால் மெல்லப் பேசுபவர்களின் சொல் முனைகளும் சேர்ந்து வெட்டுப்படலாம். ஆட்டோவில் தொடங்கி, பதிவு செய்து கேட்டுப் பார்த்து மாற்றுங்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஒன்று, பெயர். மொபைலில் கணக்கில்லாமல் நுழைந்தால் போனின் பெயரே திரையில் தெரியக்கூடும். வீட்டில் ஒரே கணக்கைப் பகிர்ந்தால் அண்ணன் பெயரோ அம்மா பெயரோ வந்து நிற்கும். நுழையும்போதே உங்கள் ரெஸ்யூமேயில் உள்ள பெயரை அப்படியே அடித்துவிடுங்கள். இரண்டு, அப்டேட். ஜூம் குறைந்தபட்சப் பதிப்பு ஒன்றை வைத்திருக்கிறது. பல மாதம் திறக்காத செயலியை இன்டர்வியூ நேரத்தில் திறந்தால் "அப்டேட் செய்" என்று நிற்கும். முந்தின இரவே திறந்து பாருங்கள். மூன்று, 40 நிமிட வரம்பு. அழைப்பவர் இலவசக் கணக்கு வைத்திருந்தால் 40 நிமிடத்தில் அறுந்துவிடும். சிறிய ஸ்டார்ட்அப்களில் இதை எதிர்பார்க்கலாம். அறுந்ததும் பதறாமல் அதே லிங்கில் மறுபடி நுழைந்து பாருங்கள், அப்படியே மெயிலிலும் ஒரு கண் இருக்கட்டும்.

வர்ச்சுவல் பேக்ரவுண்டை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. பழைய ப்ராசஸரில் வீடியோ திணறும், தலைமுடி ஓரமும் காதும் வந்து வந்து மறையும், எதையாவது கையில் எடுத்துக் காட்டினால் அது காணாமல் போகும். வெள்ளைச் சுவரோ, மூடிய பீரோவோ போதும். ஹாஸ்டலில் அப்படி வெறும் சுவர் இல்லையென்றால் ஒரே நிற வேட்டியைக் கொடியில் நேராகத் தொங்கவிட்டால் வேலை முடிந்தது.

கூகுள் மீட் லேப்டாப்பில் ப்ரௌசரிலேயே திறந்துவிடும். நிறுவ எதுவும் இல்லை. 4 ஜிபி ரேம் லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இது நிம்மதி. சிக்கல் கணக்கில்தான். பெரும்பாலானோர் குரோமில் சொந்த ஜிமெயில், கல்லூரி தந்த மெயில் என இரண்டு கணக்கைத் திறந்து வைத்திருப்பார்கள். அழைப்பு சொந்த ஜிமெயிலுக்கு வந்திருக்கும். லிங்கைத் தொட்டால் மீட் முதலில் நுழைந்த கல்லூரிக் கணக்கில் திறக்கும். அப்போது நேரே உள்ளே விடாமல் "சேர அனுமதி கேள்" என்ற பொத்தான் வரும். எதிர்ப்பக்கம் யாரும் கவனிக்காவிட்டால் நீங்கள் வெளியிலேயே காத்திருப்பீர்கள், அவர்கள் நீங்கள் வரவில்லை என்று நினைப்பார்கள். அதோடு மீட்டில் பெயரை உள்ளே போய் மாற்ற முடியாது, கணக்கில் இருக்கும் பெயர்தான். கல்லூரிக் கணக்கில் பெயருக்குப் பதில் ரிஜிஸ்டர் எண் போட்டிருந்தால் அந்த எண்தான் இன்டர்வியூ முழுக்க உங்கள் பெயர்.

தீர்வு எளிது. குரோமில் இன்டர்வியூவுக்கென்று தனி ப்ரொஃபைல் ஒன்றை உருவாக்கி, அழைப்பு வந்த மெயிலில் மட்டும் அதில் நுழையுங்கள். புக்மார்க், எக்ஸ்டென்ஷன், பழைய டேப் எதுவும் அதில் இருக்காது. திரையைப் பகிரச் சொன்னாலும் சங்கடமில்லை. பகிரும்போது முழுத்திரை, ஒரு விண்டோ, ஒரு டேப் என்று மூன்று வாய்ப்பு வரும். டேப் அல்லது விண்டோவைத் தேர்ந்தெடுங்கள். முழுத்திரையைப் பகிர்ந்தால் வாட்ஸ்அப் வெப் செய்தி வலது மூலையில் எட்டிப் பார்க்கும்.

மீட்டில் இலவசமாகப் பதிவு செய்ய முடியாது. ஆனால் பேசுவதை உடனுக்குடன் திரையில் எழுத்தாகக் காட்டும் நேரடி கேப்ஷன் இருக்கிறது, அதைப் பயிற்சிக்கு இப்படிப் பயன்படுத்தலாம். தனியாக ஒரு மீட்டிங் திறந்து, கேப்ஷனை ஆங்கிலத்தில் வைத்துவிட்டு உங்கள் பதிலைச் சொல்லுங்கள். திரையில் தவறாக விழும் சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ப்ராஜெக்டின் பெயரோ, நீங்கள் பயன்படுத்திய கோடிங் லைப்ரரியின் பெயரோ ஒவ்வொரு முறையும் வேறு வேறாக விழுந்தால், அந்தச் சொல்லை நிறுத்தி, அசை அசையாகச் சொல்லிப் பழகவேண்டும் என்று பொருள். கேப்ஷன் பிழையெல்லாம் நம் பிழை ஆகாது. நான்கு முறை சொல்லி நான்கு முறையும் தவறாக வருவதை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் பெரிய நிறுவனங்களின் தேர்வு. லிங்கைத் தொட்டதும் "இந்த ப்ரௌசரில் தொடர்க" என்றும் "டீம்ஸ் செயலியில் சேர்க" என்றும் இரண்டு வழி காட்டும். லேப்டாப்பில் டீம்ஸ் ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் செயலி. இல்லையென்றால் எட்ஜ் அல்லது குரோமில் ப்ரௌசர் வழியே போதும். அன்று காலை நிறுவத் தொடங்குவது வேண்டாம். பழைய டீம்ஸைவிட 2023 அக்டோபரில் வந்த புதிய டீம்ஸ் இலகுவானது, ஆனாலும் குறைந்த ரேம் உள்ள லேப்டாப்பில் மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டுத்தான் திறக்க வேண்டும். மொபைலில் சேர்வதாக இருந்தால் செயலியை முன்பே நிறுவிவிடுங்கள். கணக்கு இல்லாமல் விருந்தினராகப் பெயர் அடித்து நுழையலாம்.

டீம்ஸில் அதிகம் குழம்புவது கணக்கு வகை. கல்லூரி தந்த கணக்கு ஒரு வகை, சொந்த மைக்ரோசாஃப்ட் கணக்கு இன்னொரு வகை. எது வேலை செய்யும் என்று சந்தேகம் இருந்தால், ப்ரௌசரின் இன்காக்னிட்டோ விண்டோவில் லிங்கை ஒட்டி, முழுப்பெயரை அடித்து விருந்தினராக நுழைவது பெரும்பாலும் காப்பாற்றும். மைக், கேமரா அனுமதி கேட்கும் சிறு பெட்டி மேலே இடது மூலையில் வரும். அவசரத்தில் "தடு" என்று அழுத்திவிட்டால் அடுத்த முறை கேட்காது. முகவரிப் பட்டையின் இடது ஓரத்தில் உள்ள சின்னத்தைச் சொடுக்கி அனுமதியை மாற்றி, பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். அப்படியும் மைக் வரவில்லையென்றால் விண்டோஸ் செட்டிங்ஸில் ப்ரைவசி பகுதியில் மைக் அனுமதி மொத்தமாக அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். மேக் வைத்திருப்பவர்கள் திரைப் பகிர்வு அனுமதியை முன்பே கொடுத்துவிடுங்கள். கொடுத்தபின் செயலியை மூடித் திறந்தால்தான் வேலை செய்யும், முன்பே கொடுக்காவிட்டால் இன்டர்வியூ நடுவில் ஒருமுறை வெளியே போக வேண்டியிருக்கும்.

சோதனைக்கு ஒவ்வொன்றிலும் வழி உண்டு. ஜூம் தள முகவரிக்குப் பின்னால் சாய்கோடு போட்டு டெஸ்ட் என்று அடித்தால் சோதனை மீட்டிங் திறக்கும். ஒலி கேட்கிறதா என்று கேட்கும், பேசவைத்துத் திருப்பி ஒலிக்கும். டீம்ஸ் செயலியில் செட்டிங்ஸின் டிவைசஸ் பகுதியில் சோதனை அழைப்பு. மீட்டில் சேரும் முன் வரும் திரையிலேயே மைக்கையும் கேமராவையும் பார்த்துக்கொள்ளலாம். மியூட் குறுக்குவழிகளை விரலுக்குப் பழக்குங்கள்: விண்டோஸில் ஜூமுக்கு ஆல்ட்டும் ஏயும், மீட்டுக்கு கன்ட்ரோலும் டியும் (D), டீம்ஸுக்கு கன்ட்ரோல், ஷிஃப்ட், எம் மூன்றும். மூன்றிலும் நம் முகத்தை நமக்கு மட்டும் மறைக்கும் வசதி இருக்கிறது. ஃப்ரேம் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தபின் மறைத்துவிடுங்கள். தன் முகத்தையே பார்த்துக்கொண்டு பேசுபவரின் பார்வை எதிரில் இருப்பவருக்கு எப்போதும் ஓரத்தில் தெரியும். இன்டர்வியூ எடுப்பவரின் விண்டோவைச் சிறிதாக்கி, கேமராவுக்கு நேர் கீழே நகர்த்தி வையுங்கள்.

செயலியைவிட இன்டர்வியூவைக் கெடுப்பது இயர்போன். 150, 200 ரூபாய் ஒயர் இயர்போன், விலை கூடிய ப்ளூடூத் இயர்பட்ஸைவிடப் பல நேரம் நன்றாக ஒலிக்கும். காரணம் இருக்கிறது: ப்ளூடூத்தில் மைக் இயங்கத் தொடங்கியதும் பாட்டுக்கான முறையிலிருந்து பேச்சுக்கான முறைக்கு மாறிவிடும், தரம் இறங்கும், சற்றுத் தாமதமும் சேரும். ஒயர் வாங்கும்போது பின்னைப் பாருங்கள். அதில் கறுப்பு வளையம் மூன்று இருந்தால் மைக் உண்டு. இரண்டு இருந்தால் கேட்க மட்டும்தான். லேப்டாப்பில் ஒரே துளை இருந்தால், பெரும்பாலும் பக்கத்தில் ஹெட்செட் சின்னம் இருக்கும், நேரே செருகலாம். டெஸ்க்டாப்பிலும் பழைய லேப்டாப்பிலும் பச்சை, இளஞ்சிவப்பு என இரண்டு துளை இருக்கும். மூன்று வளையப் பின்னைப் பச்சையில் செருகினால் கேட்கும், ஆனால் பேச்சு போகாது. இரண்டாகப் பிரியும் ஸ்ப்ளிட்டர் கேபிள் ஒன்று வேண்டும். எதைச் செருகினாலும் செயலிக்குள் மைக் பட்டியலில் அந்த இயர்போன்தான் தேர்வாகியிருக்கிறதா என்று பார்க்கத் தவறாதீர்கள்.

இணையக் கணக்கு இப்படி. ஜூம் இருவர் பேசும் தரமான வீடியோவுக்கு மேலே (அப்லோட்) 600, கீழே (டவுன்லோட்) 600 கேபிபிஎஸ் (விநாடிக்கு கிலோபிட்) போதும் என்கிறது. ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 540 எம்பி. தினம் 1.5 ஜிபி பேக்கில் தாராளமாக அடங்கும், காலையிலேயே ரீல்ஸில் தீர்க்காமல் இருந்தால். தினசரி அளவு தீர்ந்ததும் பல பேக்குகளில் வேகம் 64 கேபிபிஎஸ்ஸாகிவிடும். குரலுக்கு மட்டுமே 60 முதல் 80 வேண்டும். அதாவது கேமராவை அணைத்தாலும் பேச்சு உடையும். ஹாட்ஸ்பாட் போடுவதானால் வைஃபைக்குப் பதில் யுஎஸ்பி கேபிளில் டெதரிங் செய்யுங்கள். இணைப்பு சீராக இருக்கும், போனும் சார்ஜ் ஆகும். போனில் வோல்ட்இ (4ஜி-யிலேயே போன் பேசும் வசதி, VoLTE) அணைந்திருந்தால் அழைப்பு வந்ததும் டேட்டா நின்றுபோகலாம், அதையும் பார்த்துவிடுங்கள்.

தமிழ்நாட்டில் இன்னொன்று: மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. முந்தின நாள் செய்தித்தாளிலேயே பகுதிவாரியாக வந்துவிடும், பெரும்பாலும் காலை 9 மணியிலிருந்து பிற்பகல் வரை. உங்கள் பகுதி இருந்தால் நேரம் மாற்றக் கேட்பதில் தவறே இல்லை, முதல் நாளே கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் வைத்திருப்பவர்கள் லேப்டாப் பேட்டரி எத்தனை நிமிடம் தாங்கும் என்பதை வீடியோ கால் ஓட்டியே அளந்து வையுங்கள். விண்டோஸ் காட்டும் மீதி நேரம் அதுவரையிலான பயன்பாட்டை வைத்துக் கணக்கிட்டது; வீடியோவில் அது வேகமாகக் குறையும்.

வெளிச்சம் பற்றி ஒரே வரி: ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கக்கூடாது, முகத்துக்கு எதிரே இருக்க வேண்டும். லேப்டாப்புக்கு அடியில் நான்கைந்து தடித்த புத்தகம் வைத்துக் கேமராவைக் கண் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள்.

கோடிங் கேள்வியைச் சிலர் கூகுள் டாக்ஸிலேயே கொடுப்பார்கள். அதற்கு முன் டூல்ஸ் மெனுவில் ப்ரிஃபரன்ஸஸ் திறந்து, தானாகப் பெரிய எழுத்தாக்குவதையும் மேற்கோள் குறியை வளைப்பதையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடித்த கோடை எடிட்டரில் ஒட்டினால் ஓடாது. இன்டர்வியூ நடுவில் எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற, தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்கும் செயலிகளை நிறுவச் சொன்னாலோ, பதிவுக் கட்டணம் கேட்டாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். திரையைப் பார்க்க இந்த மூன்று செயலியே போதும். உங்கள் கம்ப்யூட்டரை இயக்கவேண்டிய தேவை எந்த நேர்மையான நிறுவனத்துக்கும் இல்லை.

இணைப்பு அறுந்தால் செய்யவேண்டியதையும் ஒத்திகையில் சேர்த்துக்கொள்ளுங்கள். படம் உறைந்தால் முதலில் கேமராவை அணைத்து, குரல் தெளிவாக வருகிறதா என்று கேளுங்கள். குரலும் உடைந்தால் வெளியே வந்து அதே லிங்கில் நுழையுங்கள். மொபைலில் அதே செயலி, அதே கணக்கு, வேறு நெட்வொர்க் சிம் முன்பே தயாராக இருக்கட்டும். அழைத்தவரின் மெயிலும் அதில் திறந்தே இருக்கட்டும். மூன்று நிமிடத்துக்குள் திரும்ப முடியவில்லையென்றால் இணைப்பு போய்விட்டது, மொபைலில் சேர்கிறேன் என்று ஒரு வரி மெயில் அனுப்பிவிட்டு நுழையுங்கள். நுழையும் முன் லேப்டாப்பில் ஓடிக்கொண்டிருக்கும் மீட்டிங்கை மூடுங்கள். இரண்டும் ஒரே அறையில் திறந்திருந்தால் எதிரொலி கிளம்பி, அவர்களுக்கு அவர்கள் குரலே திரும்பக் கேட்கும்.